காவலர் மறக்காத பெயர்கள்

பழைய கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவி, அதன் வன்தட்டைக் குழுவுக்கே பொதுவான சேமிப்பகமாக்கலாம். கணினியியல் பயிலும் நாங்கள் குழுப்பணிகளுக்கு இப்படிச் செய்வதுண்டு. இதற்கு உதவும் ஐஸ்கசி முறை, 2011 முதல் லினக்ஸின் கருநிரலிலேயே உள்ளது. வேறோர் இடத்தில் இருக்கும் வட்டு, நம் கணினிக்குள் இருப்பது போலவே தெரியும்.

வசதியோடு ஆபத்தும் உண்டு. சாதாரணக் கோப்பு முறைமை கொண்ட ஒரே வட்டில் இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் எழுதினால், தரவு சிதைந்துவிடும். அதனால் யாரை உள்ளே விடுவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

அடுக்குமாடி வாசலில் நிற்கும் காவலரை நினைத்துப் பாருங்கள். ‘ஜெனரேட் நோட் ஏசிஎல்ஸ்’ என்ற அமைப்பை 1 என வைத்தால், பட்டியலில் இல்லாதவரையும் அவர் விருந்தினராகப் பதிந்து உள்ளே விடுவார். விருந்தினர் படிக்கலாம், எழுத முடியாது என்பதே இயல்பான ஏற்பாடு. அவசரத்தில் பலர் அந்தத் தடையையும் நீக்கிவிடுகிறார்கள்.

அடுத்தது ‘கேஷ் டைனமிக் ஏசிஎல்ஸ்’. இது 1 என்றால், விருந்தினர் வெளியேறிய பிறகும் அவர் பெயர் சேமிப்பகத்தின் நினைவகத்தில் இருக்கும். முதல் அமைப்பை இயக்கினால், லினக்ஸ் இதையும் தானாகவே இயக்கிவிடும்.

இங்கேதான் நான் உங்களை எச்சரிக்க விரும்புகிறேன். பிறகு முதல் அமைப்பை 0 ஆக்கி, “கதவைப் பூட்டிவிட்டோம்” என்று நிம்மதி அடைவோம். ஆனால் காவலர் முதலில் தம் நினைவில் உள்ள பெயர்களைத்தான் பார்ப்பார். முன்பு வந்து போனவர் அந்தச் சோதனையை மீண்டும் எளிதாகத் தாண்டிவிடுவார். அந்தப் பெயரும் கணினி தானே சொல்லிக்கொள்வதுதான். அதை யாரும் மாற்றி எழுதலாம்.

சரியான வழி கடினமானதன்று. இரண்டு அமைப்புகளையும் 0 ஆக்குங்கள். ‘டார்கெட்சிஎல்ஐ’ கருவியில் ஒவ்வொரு கணினியின் பெயரையும் நீங்களே பதிந்து, ‘சாப்’ கடவுச்சொல்லையும் கட்டாயமாக்குங்கள். அமைப்பைச் சேமித்துவிட்டு, சேமிப்பகக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். நினைவகத்தில் தங்கிய பழைய விருந்தினர்கள் அப்போது மறைந்துவிடுவார்கள்.

சோதனைக்காகத் திறந்த கதவு, சோதனை முடிந்ததும் தானாக மூடிக்கொள்வதில்லை. ஒரு பருவம் முழுவதும் நண்பர்கள் உழைத்துச் சேர்த்த தரவு உள்ளே இருக்கும்போது, இந்தப் பத்து நிமிட வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.