மழையில் மோட்டார் சைக்கிள் ஏன் அடம்பிடிக்கிறது?

ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை இறங்கினால் மன்னாரின் பெரியமடுப் பக்கத்து மண் பாதைகளில் நீர் தேங்கும். இரவெல்லாம் நனைந்து நின்ற மோட்டார் சைக்கிளை எத்தனை முறை உதைத்தாலும் இயந்திரம் பிடிக்காது. பெற்றோல் இருக்கும், பற்றரியும் நன்றாக இருக்கும். பிறகு ஏன்?

பற்றரி தருவது 12 வோல்ட். கொயில் அதைப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்துகிறது. பிளக் முனையின் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அத்தனை அழுத்தம் வேண்டும். சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட கலவை மின்சாரத்தைக் கடுமையாகத் தடுக்கிறது. வெளியே பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் ஈரம் படிந்திருந்தால், மின்சாரம் அந்த இலேசான வழியால் இயந்திர உடம்புக்குக் கசிந்துவிடும். தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. சேறும், மன்னார்க் கரையோரக் காற்றிலுள்ள உப்பும் கலந்த நீர் நன்றாகவே கடத்தும். ஆகவே பீங்கானை வெறுமனே உலர்த்தாமல், அழுக்குப் போகத் துடைக்க வேண்டும்.

சாவியை நிறுத்திவிட்டு பிளக் மூடியைக் கழற்றுங்கள். மூடியின் உட்புறம், பீங்கான், தடித்த வயர் எல்லாவற்றையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். வயரில் வெடிப்பிருந்தால் மாற்றுவதே சரி. ஒட்டுநாடா அந்த அழுத்தத்தை நெடுநாள் தாங்காது. மூடிக்குள் சிறிது சிலிக்கோன் கிறீஸ் பூசினால் அடுத்த மழைக்கு நீர் புகாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை மட்டும் உதைக்கவே வேண்டாம். சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் அது அமுங்காது. பிஸ்டன் தண்டு வளைந்துவிடக்கூடும்.