சீட்டில் விடுபட்ட பெயர்

வெள்ளைப்படுதலுக்கு டாக்டர் எழுதிய ஏழு நாள் மாத்திரையை ஒருவேளை விடாமல் முடித்தாயிற்று. வாடை போனது. இரண்டு மாதத்தில் மறுபடியும் வந்து நிற்கிறது. இடையஞ்சாவடியில் வீட்டோடு இருப்பவரோ, மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவரோ, யாருக்கும் அப்போது எழும் சந்தேகம் ஒன்றுதான்: கொடுத்த மருந்து சரிதானா? கேட்கக் கூச்சம். “எல்லாம் உடம்புச் சூடு” என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் வெந்தயம் ஊறப்போடுவதோடு விசாரணை முடிந்துவிடும்.

சந்தேகம் நியாயமானதே. வெள்ளைப்படுவதெல்லாம் நோயில்லை. ஆனால் நீர்த்து, சாம்பல் பூத்து, வாடையோடு பட்டால் அநேகமாக அது பாக்டீரியல் வஜினோசிஸ். பெண்ணுறுப்பில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் சமநிலை குலைவது.

நலமான நாளில் பெரும்பாலும் அங்கே லாக்டோபாசிலஸ் பாக்டீரியாவின் ஆட்சி. உட்சுவர்ச் செல்கள் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளைச் சேர்த்துவைக்கின்றன. அது சிதைந்து வருவதைத் தின்று இந்தப் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் சுரக்கின்றன. புளிப்பு ஏறக்குறைய தயிரின் அளவு. அதில் பல கிருமிகள் தலைதூக்க முடியாது. (உடனே தயிரை எடுத்துத் தடவ வேண்டாம். பாலை உறையவைக்கும் இனங்கள் வேறு. அவை அங்கே தங்குவதில்லை.)

இந்தக் காவல் தளர்ந்தால் கார்ட்னெரெல்லா என்ற பாக்டீரியாவும் அதன் கூட்டாளிகளும் பெருகுகின்றன. கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று வேடிக்கையானது: கசிவைக் கண்ணாடித் துண்டில் தடவி, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, மூக்கருகே கொண்டுபோக வேண்டும். கிளம்பும் வாடைக்கு முக்கியக் காரணம் டிரைமெதிலமீன். கெட்டுப்போகும் மீனில் நாறுவதும் அதே மூலக்கூறு. “மீன் வாடை” என்று பெண்கள் சொல்வது வேதியியல்படி அச்சு அசலாகச் சரி.

வழக்கமாக எழுதும் மெட்ரோனிடசோல் சாமர்த்தியமான மருந்து. விழுங்கும்போது அதற்கு விஷத்தன்மை இல்லை. ஆக்சிஜனின்றி வாழும் கிருமிக்குள் போனதும், அந்தக் கிருமியே அதற்கு எலக்ட்ரான் கொடுத்து நஞ்சாக்கி, தன் டிஎன்ஏவைத் துண்டாக்கிக்கொள்கிறது. லாக்டோபாசிலஸ் பெரும்பாலும் தப்பிவிடும்.

பிறகு ஏன் திரும்புகிறது? 2005-இல் பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் ஸ்விட்சின்ஸ்கி குழுவினர் உட்சுவர்த் திசுவைப் பார்த்தபோது, கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டி விரிப்பாகப் படர்ந்திருந்தன. இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். உப்பளப் பாத்தியின் தரையில் படரும் வழுவழுப்பான நுண்ணுயிர்ப் பாயும் இந்த வகைதான். மாத்திரைக்குப் படலம் ஒடுங்குகிறது. நிறுத்தியதும் பல பெண்களிடம் மீண்டும் தழைக்கிறது.

அடுத்த காரணம் வீட்டிலேயே இருக்கிறது. இதே கிருமிகள் ஆணுறுப்பின் தோலிலும் சிறுநீர்த் துவாரத்திலும் வாழ்கின்றன, ஆணுக்கு ஒரு தொந்தரவும் தராமல். ஆணுக்கு மாத்திரை மட்டும் கொடுத்த பழைய ஆய்வுகள் பலன் காட்டாததால் மருத்துவ உலகம் அவரை விட்டுவிட்டது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு ஆணுக்கு மாத்திரையோடு, தோலில் பூச கிளிண்டாமைசின் கிரீமும் ஏழு நாள் கொடுத்துப் பார்த்தது. 2025-இல் முடிவு வந்தது. பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்துக்குள் நூற்றுக்கு 63 பேருக்கு நோய் திரும்பியது. இருவருக்கும் கொடுத்தபோது 35 பேருக்கு. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

நம்மூரிலும் இதற்கு இடம் உண்டு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2007 வழிகாட்டி, வெள்ளைப்படுதலுக்கு முதல் சிகிச்சையில் குணம் தெரியாவிட்டால் துணைவருக்கும் சிகிச்சை தரச் சொல்கிறது. ஆகவே டாக்டரை மாற்றுவதற்கு முன், “அவருக்கும் மருந்து வேண்டுமா டாக்டர்?” என்று கேட்டுப் பார்க்கலாம். நமக்கு எழுதிய மாத்திரையை நாமே அவருக்குக் கொடுத்துப் பயனில்லை. கிரீமும் சேர வேண்டும். மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களில் மதுவைத் தொடக் கூடாது என்றும் வழக்கமாக எச்சரிப்பார்கள். சில வீடுகளில் கிரீம் பூசவைப்பதைவிட அதுதான் பெரும்பாடு.