நடுநிலை பறிபோன சதுரங்கப்பட்டினம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டியுள்ள சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை இருக்கிறது. உள்ளே நுணுக்கமாகச் செதுக்கிய கல்லறைப் பலகைகள். இந்தக் கோட்டை ஆங்கிலேயரிடம் கைமாறக் காரணம், அமெரிக்காவில் மூண்ட சுதந்திரப் போர்.

1775-ல் அது தொடங்கியபோது டச்சு நாடு நடுநிலை வகித்தது. வியாபாரத்தை மட்டும் விடவில்லை. அதன் கரீபியத் தீவான செயின்ட் யூஸ்டேஷியஸ் வழியாகக் கிளர்ச்சியாளர்களுக்கு வெடிமருந்து போனது. 1776 நவம்பரில் அமெரிக்கக் கப்பலொன்றுக்கு அங்கே பீரங்கி மரியாதையும் கிடைத்தது. எரிச்சலடைந்த பிரிட்டன், டச்சுக் கப்பல்களை நடுக்கடலில் மறித்துச் சரக்கைப் பறித்தது. ரஷ்யா தலைமையிலான நடுநிலை நாடுகளின் அணியில் சேர டச்சுக்காரர்கள் முடிவெடுக்க, 1780 டிசம்பரில் பிரிட்டன் போரே அறிவித்துவிட்டது.

அடுத்த ஆண்டே சதுரங்கப்பட்டினமும் நாகப்பட்டினமும் ஆங்கிலேயர் வசமாயின. அதே போரில், 1782 பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினக் கரைக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினர். போரை முடித்த 1784 உடன்படிக்கையில் நாகப்பட்டினம் டச்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இடையில் திரும்பப் பெற்ற சதுரங்கப்பட்டினத்தையும் ஆங்கிலேயருடனான 1824 ஒப்பந்தப்படி நிரந்தரமாக விட்டுக்கொடுத்தனர்.