முறுக்கு ஏன் இவ்வளவு குரைக்கிறான்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோடு நாய் வளர்க்கிறவங்களுக்கு மட்டும் இல்ல, நாய் வளர்க்கிறவங்களுக்குப் பக்கத்து வீட்டுல மாட்டிக்கிட்டவங்களுக்கும்தான்.

எங்க வீட்டுல முறுக்குன்னு ஒருத்தன் இருக்கான். வால் சுருண்டிருக்கும், அதான் அந்தப் பேரு. வேளச்சேரியில ஒரு மழைநாள் எங்க அபார்ட்மென்ட் பார்க்கிங்ல கிடைச்ச நாட்டு நாய். இப்போ மூணு வயசு. போன வருஷம் ஒரு சனிக்கிழமை, காலையில பதினொரு மணிக்குப் பக்கத்து ஃபிளாட் அக்கா கதவைத் தட்டுனாங்க. நர்ஸா வேலை பாக்குறாங்க, அந்த மாசம் நைட் டியூட்டி. கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு. திட்டவே இல்ல. "தம்பி, நாலு நாளா நான் தூங்கல. நீ ஆபீஸ் கிளம்பினதும் ஆரம்பிக்கிறான், மதியம் வரைக்கும் நிறுத்துறதில்ல"ன்னாங்க.

நான் நம்பல. எனக்குத் தெரிஞ்சு அவன் பெல் அடிச்சா மட்டும்தான் குரைப்பான். அதே வாரம் ஹவுஸ் ஓனர் போன் பண்ணி, "ஒரு மாசம் டைம் தர்றேன். நாயா, வீடான்னு முடிவு பண்ணிக்கோங்க"ன்னார்.

என் முதல் வேலை என்ன தெரியுமா? சட்டம் தேடினேன். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு. குரைக்குதுன்னு சொல்லி ஒரு குடியிருப்புச் சங்கம் செல்லப்பிராணியைத் தடை பண்ண முடியாதுன்னு அதுல இருக்கு. அதே வழிகாட்டுதல்லயே, விடாமக் குரைச்சா அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு, முக்கியமா ராத்திரியில அமைதியா வெச்சுக்க வளர்க்கிறவங்க எல்லா முயற்சியும் எடுக்கணும்னும் இருக்கு. நான் முதல் பாதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சண்டைக்கு ரெடியா இருந்தேன். ஆனா அக்காவுக்கு வேணும்ங்கிறது தூக்கம். அதுக்கு அந்த ஸ்கிரீன்ஷாட் என்ன பண்ணும்?

திங்கட்கிழமை ஒரு பழைய போனை ஷெல்ஃப்ல வெச்சு வீடியோ ஓட விட்டுட்டுக் கிளம்பினேன். சாயங்காலம் பார்த்தா வயித்தைப் பிசைஞ்சுது. நான் போனதும் கதவு முன்னாடி நின்னான். பத்து நிமிஷம். அப்புறம் ஆரம்பிச்சான். அது குரைப்பே இல்ல, ஊளை. நடுவுல குறுக்கும் நெடுக்கும் நடை, கதவைப் பிறாண்டல், மூச்சு வாங்கல். வெளியில யாருமே இல்ல. நான் வெச்சுட்டுப் போன சிக்கனை மோந்துகூடப் பார்க்கல. போர் அடிக்கிற நாய் அதை முதல்ல முடிச்சிருக்கும். பயந்த நாய்க்குத்தான் சாப்பாடு இறங்காது.

அப்போதான் புரிஞ்சுது. முறுக்குகிட்ட இருந்தது ஒரு பிரச்சினை இல்ல, ரெண்டு. ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

முதல்ல பெல். அவன் கண்ணால யோசிச்சுப் பாருங்க. ஒரு ஆள் வர்றான், இவன் குரைக்கிறான், அந்த ஆள் போயிடுறான். டெலிவரிக்கு வந்தவர் பார்சலைக் குடுத்துட்டுப் போறார்னு அவனுக்கு எப்படித் தெரியும்? தான்தான் விரட்டினோம்னு நினைப்பு. தினமும் ஜெயிக்கிறான். நடுவுல நான் வேற "டேய், சும்மா இருடா!"ன்னு கத்துறேன். நானும் சேர்ந்து குரைக்கிற மாதிரிதான் அவனுக்கு.

பெல் சத்தத்தைப் போன்ல ரெக்கார்ட் பண்ணினேன். காது திரும்பணும், ஆனா குரைக்கக் கூடாது, அந்த அளவு மெதுவா வெச்சு, அடிச்சதும் பாய்ல ஒரு துண்டு வேகவெச்ச சிக்கன். நாளுக்கு நாள் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டணும். குரைச்சுட்டான்னா நான் அவசரப்பட்டுட்டேன்னு அர்த்தம், ஒரு படி இறங்கணும். இது முடியுற வரைக்கும் டெலிவரிக்காரங்களை, "பெல் வேண்டாம்ணா, கால் பண்ணுங்க"ன்னு கேட்டுக்கிட்டேன். ஒவ்வொரு குரைப்பும் அவனுக்கு ஒரு பிராக்டிஸ் இல்லையா?

தனிமை பயம்தான் நிஜமான கஷ்டம். முதல்ல டாக்டர்கிட்ட காட்டினேன், ஏன்னா வலி இருந்தாலும் இப்படி ஆகலாம். வயசான நாய் திடீர்னு ராத்திரியில குரைக்க ஆரம்பிச்சா பயிற்சி எல்லாம் அப்புறம், முதல்ல டாக்டர். பயம் அதிகமா இருந்தா பயிற்சியோட மருந்தும் குடுப்பாங்க, அதை அவங்கதான் முடிவு பண்ணணும். மனுஷங்க தூக்க மாத்திரையை நீங்களா குடுத்துடாதீங்க, ப்ளீஸ்.

அப்புறம் பயிற்சி. சாவியை எடுத்துட்டு சோஃபாவுலயே உக்காருவேன். ஷூ போட்டுக்கிட்டு காபி குடிப்பேன். அந்தச் சத்தத்துக்கெல்லாம் இருந்த அர்த்தம் போகணும். அடுத்து கதவுக்கு வெளியே அஞ்சு செகண்ட், பத்து, முப்பது. அவன் பதறுறதுக்கு முன்னாடியே திரும்பணும். இந்தக் காலத்துல அவனை நிஜமாவே தனியா விடக் கூடாது. விட்டா எல்லாம் பழைய இடத்துக்குப் போயிடும். நான் பாதி நாள் வீட்டுலேருந்து வேலை பார்த்தேன், மீதி நாள் ஃப்ரெண்ட் வீட்டுல விட்டேன்.

ஆன்லைன்ல குரைச்சா ஷாக் அடிக்கிற காலர் விக்கிறாங்க. எனக்கும் கை போச்சு, பொய் சொல்ல மாட்டேன். வேல்ஸ்ல 2010-லயே ஷாக் காலரைத் தடை பண்ணிட்டாங்க. சத்தம் நிக்கலாம், பயம் அப்படியே இருக்கும். ஷாக் அடிக்கிற நேரத்துல எதிர்ல ஒரு குழந்தை நின்னா, வலி அந்தக் குழந்தையாலன்னு நாய் முடிவு பண்ணிடலாம். வாயைக் கட்டுறது இன்னும் மோசம். நாய் மூச்சு இரைச்சுத்தான் உடம்புச் சூட்டை இறக்கும். சென்னை வெயில்ல அதைக் கட்டினா என்ன ஆகும்?

பிடிவாதக் குரைப்புன்னு ஒண்ணு இருக்கு, சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக் குரைக்கிறது. அதைக் கண்டுக்காம இருந்தா முதல்ல அதிகமாகும், அப்புறம்தான் குறையும். எங்க அப்பா ஊர்லேருந்து வந்து மூணாவது நாள், "பாவம்டா"ன்னு ஒரு துண்டு தோசை போட்டார். இன்னும் நேரம் குரைச்சா கிடைக்கும்னு அவன் கத்துக்கிட்டான். அப்பாவுக்குப் பயிற்சி குடுக்கிறதுக்கு இன்னும் வழி தெரியல.

அக்காகிட்ட வீடியோவைக் காட்டினேன். பார்த்துட்டு, "அழுறான்டா இவன்"ன்னாங்க. இப்போ அவங்க டியூட்டி சார்ட் வாட்ஸ்அப்ல எனக்கு வந்துடும். நைட் டியூட்டி வாரத்துல முறுக்கு பகல்ல ஃப்ரெண்ட் வீட்டுல. ஓனர்கிட்ட அவங்களே பேசினாங்க, இன்னும் இங்கதான் இருக்கோம்.

நாலு மாசம் ஆச்சு. மூணு மணி நேரம் தனியா இருப்பான், அதுக்கு மேல இன்னும் முடியல. பெல் அடிச்சா ரெண்டு குரைப்பு, அப்புறம் பாய். இதை ரெக்கார்ட் பண்ணும்போதும் ஒரு தடவை அடிச்சுது. அந்த ரெண்டு குரைப்பையும் எடிட்ல வெட்டல, ஆடியோவுல கேட்டிருப்பீங்க.