தாள்களில் ஒரு பட்டணம் – 9: வாடகை வீட்டில் இருந்தவர்கள்

இந்தத் தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே விண்ணப்பம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. தாத்தாவோ பாட்டியோ சென்னையில் வாழ்ந்தார். அவரைப் பற்றி அரசாங்க ஏடுகளில் ஏதாவது அகப்படுமா? பதில் எழுதும்போது நான் முதலில் கேட்பது, அவருக்குச் சொந்த வீடு இருந்ததா என்பதைத்தான். சிலருக்கு அது சுருக்கென்று தைத்திருக்கிறது. ஆனாலும் கேட்காமல் நகர முடியாது. நம் நகரத்துப் பதிவேடுகள் மண்ணைப் பற்றி எழுதிய அளவுக்கு மனிதரைப் பற்றி எழுதவில்லை. வீட்டுக்காரரைத் தேடுவது ஒரு வேலை, குடியிருந்தவரைத் தேடுவது வேறு வேலை.

வீட்டுக்காரருக்கு வழி சுலபம். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் நான்கு வகைப் புத்தகங்கள் உண்டு. முதல் புத்தகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும். சட்டத்தின் 57ஆம் பிரிவு அந்தப் புத்தகத்தை யாருக்கும் திறந்துவைக்கிறது. உறவு காட்ட வேண்டியதில்லை, கட்டணம் கட்டினால் போதும். உயில்கள் ஏறும் மூன்றாம் புத்தகம் அப்படியல்ல. எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோதான் நகல். அவர் காலமான பிறகு மனுக் கொடுக்கும் எவருக்கும் நகல் உண்டு. இருப்பவருக்குத் திரை, இறந்தவருக்குத் திறப்பு என்று நூறாண்டுக்கு முன்பே பிரித்து எழுதிய அந்த விதியை நான் பெரிதும் மதிக்கிறேன். இந்தக் கட்டுரையில் பின்னால் அது நமக்குத் தேவைப்படும்.

"ஈசி போட்டுப் பார்த்தாச்சா?" என்று வீடு வாங்குகிறவர்கள் கேட்டுக்கொள்ளும் வில்லங்கச் சான்று, அந்த முதல் புத்தகத்தின் அட்டவணையிலிருந்து எடுப்பதுதான். இப்போது பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். கணினியில் ஏறியிருப்பது பெரும்பாலும் 1975க்குப் பிறகுதான். அதற்கு முந்தைய காலத்துக்கு அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும். வில்லங்கச் சான்றோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அதில் எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், பத்திர எண், ஆண்டு என்று எலும்புதான் இருக்கும். பத்திர எண்ணை வைத்து நகல் வாங்கிப் படித்தால்தான் ஆள் தெரிவார்.

பழைய கிரயப் பத்திரம் ஒன்றின் நகலைக் கையில் எடுத்தால், ஊர்ப் பெயரிலேயே வியப்பு தொடங்கும். கச்சேரி சாலைப் பக்கத்து வீட்டுக்குக்கூட 'மயிலாப்பூர் கிராமம்' என்றுதான் எழுதியிருப்பார்கள். வாங்கியவரின் தகப்பனார் பெயர், வயது, தொழில், அப்போது அவர் குடியிருந்த கதவிலக்கம் எல்லாம் ஒரே மூச்சில் வரும். பிறகு இந்தச் சொத்து விற்பவர் கைக்கு வந்த வரலாறு. இன்ன வருடம் இன்னாரிடம் வாங்கியது, பாகப்பிரிவினையில் கிடைத்தது என்று இரண்டு மூன்று தலைமுறை அதில் அடங்கிவிடும். கடைசியில் சொத்து விவரம். செக்குபந்தி என்று தொடங்கி, வடக்கே இன்னார் வீடு, தெற்கே இன்னார் மனை, கிழக்கே தெரு, மேற்கே சந்து என்று நான்கு எல்லையும் சொல்வார்கள். ஒருவர் பத்திரத்தைத் தேடிப் போனால் அக்கம்பக்கத்தார் பெயரும் கூடவே கிடைக்கும். கீழே சாட்சிக் கையெழுத்துகள், அவர்கள் விலாசத்தோடு. என் அனுபவத்தில், சொந்தமாக ஒரு சதுர அடியும் இல்லாத மனிதர்கள் பத்திர உலகத்தில் தலைகாட்டும் ஒரே இடம் அந்தச் சாட்சி வரிதான். நம்பிக்கையான குடித்தனக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது வழக்கம். ஆனால் அட்டவணையில் சாட்சிகளின் பெயர் ஏறாது. வீட்டுக்காரர் யார் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் அந்தக் கையெழுத்தை எட்ட முடியும்.

வாடகைக்கு இருந்தவர் இந்தப் புத்தகங்களில் ஏன் இல்லை? பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் கட்டாயம் பதியச் சொல்கிறது. அதனால் நாடு முழுக்க வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு எழுதப்படுகிறது. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவரும் காகிதத்தில் பதினோரு மாதக்காரர்தான். முன்பு அந்தத் தாளும் கிடையாது, வாய்ப்பேச்சும் முன்பணமும்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எல்லா ஒப்பந்தங்களையும் வாடகை அதிகார அமைப்பிடம் பதியச் சொல்கிறது. நாளைக்குத் தேடுகிறவர்களுக்கு அது உதவலாம். நம் தாத்தா பாட்டிகளுக்கு உதவாது.

எனவே பிறப்பு இறப்புப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். இங்கே ஒரு விஷயத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும், வசித்த இடத்தில் அல்ல. எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனையில் பிறந்தவர் எந்த மாவட்டத்துக்காரரானாலும் சென்னை மாநகராட்சிப் பதிவேட்டில்தான் இருப்பார். கொடுங்கையூரில் குடும்பம் நடத்திவிட்டுக் கடைசிக் காலத்தில் ஊருக்குப் போய்க் கண்மூடியவர் சென்னையில் இருக்க மாட்டார். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். ஆகவே மூத்த பிள்ளையின் பதிவு பெரும்பாலும் அம்மாவின் ஊரில், இளையவர்களின் பதிவு சென்னையில். பலர் ஏமாந்து திரும்புவது இந்த இடத்தில்தான்.

அடுத்த சிக்கல் பெயர். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவு நடந்துவிடும். பழைய ஏடுகளில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக, பாலினம் மட்டும் இருக்கும். பிற்பாடு யாராவது போய்ப் பெயர் சேர்த்திருந்தால்தான் உண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிறந்த தேதியைச் சொல்லிவிட்டு அதோடு விட்டவர்களே அதிகம். ஆகவே குழந்தையின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். தேதி, பாலினம், தகப்பனார் பெயர், தாயார் பெயர், மருத்துவமனை அல்லது வீட்டு விலாசம் இவற்றை வைத்துத் தேடுங்கள். தேதி நிச்சயமில்லை என்றால் முன்னும் பின்னும் சில மாதங்களுக்குத் தேடச் சொல்லுங்கள். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான். 'கே. முருகேசன்' என்று போனால் எழும்பூரிலேயே எத்தனையோ பேர். அப்பா பெயர் முழுசாகத் தெரியாமல் எந்தத் தேடலையும் தொடங்க வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்துவையுங்கள்.

1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, எவரும் பதிவேட்டில் தேடச் சொல்லவும் நகல் வாங்கவும் உரிமை தருகிறது. அதே பிரிவில் ஒரு தடை: இறப்புச் சான்றில் இறப்புக்கான காரணத்தை வெளியிடக் கூடாது. ஒருவர் போய்விட்டார் என்பது ஊருக்குத் தெரியலாம். என்ன வியாதியால், எந்தச் சூழ்நிலையில் என்பது அந்த வீட்டாருக்கு உரியது. காசநோயும் தற்கொலையும் குடும்பத்தின் பெயரைக் கெடுக்கும் என்று பயந்து வாழ்ந்த தலைமுறைகளை நினைத்தால், இந்தச் சிறு தடை எத்தனை பெண்களின் கல்யாணத்தைக் காப்பாற்றியிருக்கும் என்று தோன்றுகிறது.

விலாசம் இன்னொரு புதிர். மவுண்ட் ரோடு அண்ணா சாலையானது எல்லோருக்கும் தெரியும். எழுபதுகளின் இறுதியில் தெருப் பலகைகளில் சாதிப் பின்னொட்டுகள் நீங்கியபோது நூற்றுக்கணக்கான தெருக்களின் பெயர் சுருங்கியது. கதவிலக்கமும் மாறியதால்தான் இன்றும் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதுகிறோம். 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தது. அம்பத்தூர், ஆலந்தூர் போன்ற நகராட்சிகள் அப்போதுதான் உள்ளே வந்தன. 1980இல் அம்பத்தூரில் நடந்த ஒரு சாவு அன்றைய கணக்கில் சென்னையில் நடந்ததல்ல. தேடும் மனுவில் இன்றைய விலாசத்தோடு அன்றைய விலாசத்தையும் எழுதுங்கள்.

கிறிஸ்தவர்களுக்குக் கோயில் புத்தகங்கள் பெரிய உதவி. கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே அந்தப் பிள்ளையின் பிற்காலக் கல்யாணக் குறிப்பும் ஏறியிருக்கும். முஸ்லிம்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர் உண்டு. இந்துக்களுக்கு அந்த மாதிரித் தொடர்ச்சியான ஏடு கிடையாது. எல்லாத் திருமணத்தையும் பதிய வேண்டும் என்ற மாநிலச் சட்டமே 2009இல்தான் வந்தது. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி ஆலயத்தின் கல்யாணப் பதிவு 1680இல் ஆரம்பிக்கிறது. 1753இல் ராபர்ட் கிளைவின் திருமணம் அங்கேதான் நடந்தது. மதராஸில் வாழ்ந்த வெள்ளைக்காரர்களின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் தனி வரிசையாகவே இருக்கின்றன. அவர்களுடைய கல்லறை வாசகங்களை ஜே.ஜே. காட்டன் 1905இல் தனிப் புத்தகமாகத் தொகுத்தார். கருப்பர் நகரத்தில் அவர்களுக்குத் தண்ணீர் சுமந்தவர்களுக்கு இப்படி ஒரு வரிசை எங்கும் இல்லை. எனக்கு ஆறாத வருத்தம் இது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறதே என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் 72 ஆண்டு கழிந்ததும் கணக்கெடுப்புத் தாள்களைப் பெயரோடு வெளியிடுகிறார்கள். 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. நம்முடைய 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, எத்தனை வருடம் ஆனாலும் யாரும் பார்க்க முடியாதபடி அந்தத் தாள்களைப் பூட்டிவைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்த ஊழியரிடம் பாட்டி சொன்ன பதில், எண்ணிக்கையில் ஒன்றாகக் கரைந்துவிட்டது.

மிச்சம் இருப்பது வாக்காளர் பட்டியல். குடியிருந்தவரைக் குடியிருந்த வீட்டிலேயே, பெயரோடு எழுதிவைத்த பொது ஏடு நம்மிடம் அது ஒன்றுதான். வீட்டு எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, பாலினம். ஒண்டுக்குடித்தன வீடு ஒன்றில் ஒரே கதவிலக்கத்தின் கீழ் ஐந்தாறு குடும்பங்கள் அடுத்தடுத்து வருவதை அதில் பார்க்கலாம். சொந்தக்காரரும் குடித்தனக்காரரும் ஒரே அளவு எழுத்தில், ஒரே அளவு வரியில் இருப்பார்கள். கூவம் கரைக் குடிசைகளுக்கும் பாகம் எண், வரிசை எண் உண்டு. அந்தக் குடிசைகளைப் பிரித்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஆட்களை அனுப்பிய பிறகு, இந்த இடத்தில் இன்னார் வாழ்ந்தார் என்று சொல்ல அந்த வரி மட்டும்தான் பாக்கி.

பெண்கள் விஷயத்தில் இந்தப் பட்டியலுக்கு ஒரு கடினமான ஆரம்பம் உண்டு. முதல் பொதுத் தேர்தலுக்குப் பெயர் சேர்த்தபோது, 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய மகள்' என்று மட்டும் சொன்ன ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகளை நீக்க வேண்டியதாயிற்று. பெரும்பாலும் வட மாநிலங்களில். சொந்தப் பெயர் சொல்லாவிட்டால் பதிவில்லை என்று தேர்தல் ஆணையம் உறுதியாக நின்றது. சொத்தில்லாத, பத்திரத்தில் வராத எத்தனையோ பெண்களின் பெயர் இன்று நமக்குக் கிடைப்பது அந்தப் பிடிவாதத்தால்தான்.

பழைய பட்டியலின் அருமை 2025 நவம்பரில் எல்லோருக்கும் தெரிந்தது. சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது, 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்களில் தன் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடி ஊரே அலைந்தது. தொகுதி மறுவரையறையில் பார்க் டவுன், புரசைவாக்கம் போன்ற தொகுதிகளே காணாமல் போய்விட்டதால், எந்தப் பாகத்தில் தேடுவது என்று தெரியாமல் திண்டாடினார்கள். வீட்டுக்காரர்களுக்குத் தெரு மாறவில்லை. வாடகைக்காரர்கள்தான் இருபது வருடத்தில் எத்தனையோ வீடு மாறியிருந்தார்கள். அன்று எந்தத் தெருவில் இருந்தோம் என்பதை நினைவிலிருந்து தோண்டி எடுக்க வேண்டியிருந்தது.

இன்றைய பட்டியலைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம். அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி வந்து புது ஏரியாவில் குடியேறிய பெண்ணின் கதவிலக்கமும் அதில் இருக்கிறது. பட்டியலைத் தேடும் வசதியுள்ள எழுத்துக் கோப்பாகத் தராமல் படக் கோப்பாகவே ஆணையம் தருவதை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பட்டியலைச் சரிபார்க்க விரும்புகிறவர்களுக்கு அதனால் சிரமம் என்பதும் உண்மை. உயில் புத்தகத்து விதியைத்தான் இங்கே நினைத்துக்கொள்கிறேன். உயிரோடு இருப்பவரைத் தேடித் தரச் சொல்லி எழுதுகிறவர்களுக்கு நான் வழி சொல்வதில்லை.

பழையதற்கு அந்தத் தயக்கம் வேண்டாம். 1960ஆம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகளின் 32ஆம் விதி, ஒவ்வொரு தொகுதிப் பட்டியலிலும் ஒரு முழுப் பிரதியை நிரந்தர ஆவணமாக வைக்கச் சொல்கிறது. 33ஆம் விதி அதைப் பார்வையிடவும், கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் பெறவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. அறுபதுகளின், எழுபதுகளின் பட்டியல்களைப் படமெடுத்து ஆவணக் காப்பகத்தில் வைத்தால், சொத்தில்லாதவர்களின் பேரப்பிள்ளைகளும் தேடி வருவார்கள். அரசு அதைச் செய்ய வேண்டும். அதுவரை நாமே கேட்கலாம். தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு எழுதும் மனுவில் ஆண்டு, அன்றைய தொகுதியின் பெயர், அன்றைய தெருப் பெயர் மூன்றையும் எழுதி, 33ஆம் விதியைக் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இருபது வருடத்துக்கு முந்தைய விஷயங்களுக்கு அந்தச் சட்டத்தின் பெரும்பாலான விலக்குகள் பொருந்தாது என்று 8(3) பிரிவு சொல்கிறது. அதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

உயர் நீதிமன்றத்தில் இருக்கும் சென்னை உயில்களைப் பற்றி அடுத்த வாரம்.