பாட்டின் உள்ளுறையும் கேட்பவர் கற்பனையும்

பாட்டின் சொற்களுக்கு அப்பால் வேறொரு பொருள் உறைந்திருக்கும் என்னும் எண்ணம் தமிழ் கற்றோர்க்குப் புதிதன்று. உள்ளுறை, இறைச்சி என்று தொல்காப்பியமே அதனை வகுத்துக் காட்டுகிறது. அகப்பாடலில் வரும் பூவும் புள்ளும் தலைவன் தலைவியரைக் குறிப்பால் உணர்த்துவதை உரையாசிரியர் துணைகொண்டு வகுப்பறையில் கற்கிறோம். ஆனால், மேலைநாட்டு ராக் இசைப் பாடல் காதில் விழும்போது அந்தப் பயிற்சியை மறந்துவிடுகிறோம். ‘தாளம் நன்றாயிருந்தால் போதும், சொல் எதற்கு?’ என்பர் இளையோர். ‘அதற்குள் ஏதோ தீய செய்தி ஒளிந்திருக்கிறது’ என்று அஞ்சுவர் பெரியோருள் சிலர். இவ்விரு நிலைகளும் பாட்டைப் படிக்கும் முறை ஆகா. முறையாகப் படித்தால் கிடைக்கும் பயன் யாது, முறை தவறினால் விளையும் கேடு யாது என்பவற்றைச் சில சான்றுகளால் ஈண்டுக் காண்போம்.

முதலில், உண்மையாகவே உள்ளுறை கொண்ட ஒரு பாடலை எடுத்துக்கொள்வோம். 1970ஆம் ஆண்டு ‘டெரெக் அண்ட் த டாமினோஸ்’ என்னும் குழு ‘லைலா’ என்ற பாடலை வெளியிட்டது. பாடியவர் ஆங்கிலேய கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன். அவர் வாழ்வில் லைலா என்று ஒரு பெண் இருந்ததில்லை. அவர் உள்ளம் பறிகொடுத்தது பேட்டி பாய்டிடம். அவரோ கிளாப்டனின் நெருங்கிய நண்பரும் ‘பீட்டில்ஸ்’ குழுவினருமான ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி. வெளிப்படையாகச் சொல்லவொண்ணாத அந்தத் துயருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது.

கி.பி. 1188இல் கஞ்சா நகரத்துக் கவிஞர் நிஜாமி, பழைய அரபுக் கதையொன்றைப் பாரசீகக் காவியமாக்கினார். லைலாவைக் காதலித்த கைஸ், அவளை மணக்க இயலாமற்போகவே பாலையில் அலைந்து ‘மஜ்னூன்’, அதாவது பித்தன், எனப் பெயர்பெற்ற கதை அது. இக்காவியத்தைக் கிளாப்டனுக்கு அறிமுகம் செய்தவர் இயன் டல்லாஸ் என்னும் ஸ்காட்லாந்து எழுத்தாளர். 1967இல் இஸ்லாத்தைத் தழுவிய அவர், பின்னாளில் ஷெய்கு அப்துல் காதிர் அஸ்ஸூஃபி என அறியப்பட்டு 2021இல் மறைந்தார். அதே இசைத்தட்டில் உள்ள ‘ஐ ஆம் யுவர்ஸ்’ என்ற மற்றொரு பாடலில் நிஜாமியின் பெயரும் ஆசிரியராகவே அச்சிடப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட கவிஞர் ஒருவர் இவ்வாறு ராக் இசையில் இடம்பெற்றார்.

இப்பின்னணியை அறிந்தபின் அப்பாடலைக் கேட்பவர், அதில் வெறும் கூச்சலைக் கேளார்; அடைய இயலாததை விரும்பி மதிமயங்கிய ஒருவனின் புலம்பலைக் கேட்பார். 1992இல் கிளாப்டன் அதே பாடலை மின்கருவிகளின் முழக்கமின்றி மெல்லிய நடையில் பாடினார். சொற்கள் மாறவில்லை, கொதிப்பு மட்டும் நினைவாக மாறிவிட்டது. பொருள் சொல்லில் மட்டுமன்று, ஓசையிலும் உள்ளது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டா.

உள்ளுறை காண்பதில் ஐயம் எழும் இடமும் உண்டு. 1967இல் பீட்டில்ஸ் குழு வெளியிட்ட ‘லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்’ என்ற தலைப்பிலுள்ள முதன்மைச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘எல்.எஸ்.டி.’ என்னும் போதைப்பொருளின் பெயர் வரும். இதைக் கண்டவர்கள் பாடலின் மறைபொருள் வெளிப்பட்டுவிட்டது என்றனர். எழுதிய ஜான் லெனானோ, தம் சிறு மகன் பள்ளித்தோழி லூசியைப் படமாக வரைந்து வந்ததே பாடலின் தோற்றுவாய் என்றும், அதன் காட்சிகள் லூயிஸ் கரோலின் ‘ஆலிஸ்’ கதைகளிலிருந்து வந்தவை என்றும் இறுதிவரை கூறினார். ஆயின், உடனெழுதிய பால் மெக்கார்ட்னி 2004ஆம் ஆண்டுப் பேட்டியொன்றில், போதைப்பொருளின் சாயல் அப்பாடலில் உண்டென்பதை ஒப்புக்கொண்டார். எனவே, ஆசிரியர் கூற்று முதற்சான்று. ஆனால் முற்றான சான்று அன்று. படமும் கதையும் காலச்சூழலும் ஒருங்கே கலந்து பிறந்த பாடல் அது என்பதே பொருத்தமான முடிபு.

சான்றே இல்லாத இடத்தில் பொருள் தேடிய கதை வேறு. 1963இல் ‘கிங்ஸ்மென்’ என்ற அமெரிக்கக் குழு பாடிய ‘லூயி லூயி’ பாடலில் சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை. கேட்காத சொற்கள் ஆபாசமானவை என்ற வதந்தி பரவியது. பெற்றோர் முறையிட, அந்நாட்டுப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 1964இல் விசாரணை தொடங்கியது. இசைத்தட்டைப் பலவேறு வேகங்களில் சுழற்றியும் சொற்கள் விளங்கவில்லை என்ற அறிக்கையோடு விசாரணை முடிந்தது. ரிச்சர்ட் பெரி எழுதிய மூலப்பாடலோ, தன் காதலியிடம் திரும்ப ஏங்கும் ஒரு கடலோடியின் எளிய பாட்டு!

இதனைச் சிரித்துக் கடந்துவிடலாம். அடுத்ததைக் கடக்க முடியாது. 1968இல் வெளிவந்த பீட்டில்ஸ் பாடலான ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ என்பது பிரிட்டனின் கேளிக்கைத் திடல்களில் உள்ள திருகு சறுக்குமரத்தின் பெயர். சார்லஸ் மேன்சன் என்பவன் அதனை, வரவிருக்கும் இனப்போருக்கான இரகசிய அறிவிப்பாகத் தன் கூட்டத்தாரிடம் விளக்கிவந்தான். 1969 ஆகஸ்டு மாதத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இரண்டே இரவுகளில் அவன் கூட்டத்தார் எழுவரைக் கொன்றனர். அப்பாடலின் பெயரைக் கொலை நடந்த வீட்டில் குருதியால் எழுதியும் சென்றனர். பாடல் கொல்லவில்லை; தான் விரும்பியதைப் பாடலுக்குள் ஏற்றிக்கொண்ட மனமே கொல்லச் செய்தது.

இதற்கு மறுபுறமாக, நேர்ந்த துயரத்துக்குப் பாடலின்மேல் பழி சுமத்தியதும் உண்டு. நெவாடா மாநிலத்தில் 1985இல் இரண்டு இளைஞர்கள் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டனர். ‘ஜூடாஸ் பிரீஸ்ட்’ குழுவின் பாடலொன்றில் மறைத்துவைக்கப்பட்ட தூண்டுசொல்லே காரணம் எனக் குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். 1990இல் வழக்கு விசாரிக்கப்பட்டது. பாடகரின் மூச்சொலியும் கிட்டார் ஒலியும் தற்செயலாக இணைந்து அச்சொல்போல் கேட்டதேயன்றி, எவரும் வேண்டுமென்று வைத்ததன்று எனக் கூறி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளர்களான வோக்கி, ரீட் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வும் இங்கு நினைக்கத்தக்கது. பின்னோக்கிச் சுழலும் ஒலிப்பதிவில் இன்ன சொல் உளது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், கேட்பவர்க்கு அச்சொல் கேட்டுவிடுகிறது என்பது அவ்வாய்வால் தெளிவாயிற்று. சொல் செவிக்குள் நுழைவதற்கு முன்பே மனத்துள் நுழைந்துவிடுகிறது.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க நெறிகள் மூன்று. பாடல் எங்கு, எவரால், எந்நிலையில் பிறந்தது என்று முதலில் அறிதல் வேண்டும். ஓரெழுத்தை, ஓரொலியைப் பிடித்துக்கொள்ளாது முழுப்பாட்டோடும் பொருத்திப் பார்த்தல் வேண்டும். சான்று கிடைக்காத இடத்தில் அமைதி காத்தல் வேண்டும். ‘குயீன்’ குழுவின் 1975ஆம் ஆண்டுப் பாடலான ‘பொஹீமியன் ராப்சடி’யில் ‘பிஸ்மில்லாஹ்’ என்ற சொல் ஒலிக்கிறது. எழுதிய ஃபிரெடி மெர்குரி, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சான்சிபாரில் பார்சிக் குடும்பமொன்றில் பிறந்து, மராட்டிய மாநிலப் பஞ்ச்கனியில் பள்ளிக்கல்வி பயின்றவர். அச்சொல் இளமையிலேயே அவர் செவியில் விழுந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. அப்பாடலின் பொருளை அவர் விளக்காமலே 1991இல் மறைந்தார். அச்சொல்லைக் கொண்டு அவர் நம்பிக்கையைப் புகழ்ந்தோ பழித்தோ தீர்ப்புக் கூற நமக்கு உரிமையில்லை.

மாணவ நண்பர்கள் தாம் முணுமுணுக்கும் பாடலின் பொருளைத் தேடிப் படிப்பாராக. பெரியோர், ஐயம் எழும்போது அந்த இளைஞரையே அருகமர்த்திப் பாடலின் சொற்களை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்பாராக. குறுந்தொகைக்கு ஒரு நீதி, ராக் பாட்டுக்கு ஒரு நீதி என்பது கற்றோர்க்கு அழகன்று.