பயோடேட்டா அனுப்பிய பின் என்ன நடக்கிறது?

கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்ற வீடுகளில், கேம்ஸ் ஆடி முடித்த பிறகு நடக்கும் முதல் உருப்படியான வேலை பெரும்பாலும் பயோடேட்டா தயாரிப்பதுதான். மகனோ மகளோ படிப்பை முடித்திருப்பார்கள். வேர்டில் இரண்டு பக்கம் டைப் செய்து, மார்க் ஷீட், ஆதார், பான் கார்டு என எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஒரே போல்டரில் போட்டு, கேட்ட இடத்திற்கெல்லாம் அனுப்பிவிடுவார்கள். மதுரை இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் உள்ள நிறுவனமோ, கப்பலூர் தொழிற்பேட்டையில் உள்ள கம்பெனியோ, விண்ணப்பம் இன்று இமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோதான் போகிறது. வேலை கிடைக்குமா என்று காத்திருக்கிறோம். அனுப்பிய பைல்கள் எங்கே போயின என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் இங்கு பார்க்கப் போகிறோம்.

எத்தனை காப்பிகள்?

இமெயிலில் சென்ற பயோடேட்டா, முதலில் நிறுவனத்தின் இன்பாக்ஸில் இருக்கும். மனிதவளப் பிரிவு ஊழியர் டவுண்லோட் செய்தால் அவருடைய லேப்டாப்பில் ஒரு காப்பி. துறைத் தலைவருக்கு பார்வர்ட் செய்தால் அங்கும் ஒன்று. பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்களைக் கையாள்வதற்கென்றே தனி சாப்ட்வேர் உண்டு. அது உங்கள் பைலைப் படித்து பெயர், போன் எண், படிப்பு, அனுபவம் எனப் பிரித்து டேட்டாபேஸில் சேர்த்துவிடும். இந்த சாப்ட்வேர் பல நேரங்களில் வேறொரு நிறுவனத்தின் சர்வரில் இயங்கும். கன்சல்டன்சி மூலம் போனால் அவர்களிடமும் ஒரு காப்பி இருக்கும். நீங்கள் தேர்வானால், சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏஜென்சிக்கும் ஒன்று செல்லும்.

ஒரு வேலைக்கு நூறு பேர் விண்ணப்பித்தால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். மற்ற 99 பேரின் பைல்கள்? சாப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். தகவலைச் சேர்க்கும் வசதி எல்லா சாப்ட்வேரிலும் இருக்கும். குறிப்பிட்ட நாளில் அதைத் தானாக அழிக்கும் வசதி, வாங்குபவர் கேட்டால்தான் பெரும்பாலும் வைக்கப்படும்.

பூட்டு எங்கே உடைகிறது?

2007 ஆகஸ்டில் மான்ஸ்டர் என்ற வேலைவாய்ப்புத் தளத்திலிருந்து சுமார் 13 லட்சம் பேரின் பெயர், முகவரி, போன் எண், இமெயில் முகவரி திருடப்பட்டது வெளியே வந்தது. திருடியவர்கள் பயன்படுத்தியது, ஆள் தேடும் நிறுவனங்களின் யூசர் நேமும் பாஸ்வேர்டும். அவற்றைத் திருடி நிறுவனம் போலவே உள்ளே நுழைந்து, ஒரு ட்ரோஜன் புரோகிராம் மூலம் தகவல்களை அள்ளினார்கள். பிறகு அந்தத் தளமே அனுப்பியது போன்ற போலி மெயில்கள் விண்ணப்பதாரர்களுக்கு வந்தன.

18 ஆண்டுகள் கழித்து, 2025 ஜூனில் இன்னொரு கதை. மெக்டொனால்ட்ஸ் உணவகங்களுக்கு ஆள் எடுக்கப் பயன்படும் ‘மெக்ஹயர்’ தளத்தை இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள் சோதித்தனர். சாப்ட்வேரைத் தயாரித்த நிறுவனத்தின் பழைய சோதனைக் கணக்கு ஒன்றின் யூசர் நேம் 123456, பாஸ்வேர்டும் 123456. உள்ளே சென்று விண்ணப்ப எண்ணை மாற்றினால் அடுத்தவரின் விவரம் தெரிந்தது. 6 கோடியே 40 லட்சம் வரையிலான பதிவுகளை இப்படிப் பார்க்க வழி இருந்ததாக அவர்கள் தெரிவித்தனர். தகவல் கிடைத்ததும் ஓட்டை அடைக்கப்பட்டது. இந்த இரண்டு சம்பவங்களிலும் விண்ணப்பதாரர் எந்தத் தவறும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கரண்ட் பில் எதற்கு?

நிறுவனமே போலியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2024 செப்டம்பரில் உத்தரப் பிரதேச மாநிலம் முசாபர்நகர் மாவட்டத்தில், வேலையில்லாத இளைஞர் ஒருவரின் பெயரில் சுமார் 250 கோடி ரூபாய்க்கு ஜி.எஸ்.டி. மோசடி நடந்திருப்பது தெரிய வந்தது. வேலை தருவதாக வாட்ஸ்அப்பில் வந்தவர்களை நம்பி, தன் ஆவணங்களையும் வீட்டு மின் கட்டண ரசீதையும் 1,750 ரூபாயையும் அவர் அனுப்பியிருந்தார். அவற்றை வைத்து அவர் பெயரில் ஒரு கம்பெனியும் வங்கிக் கணக்கும் தொடங்கப்பட்டிருந்தன.

கரண்ட் பில் எதற்குக் கேட்டார்கள்? ஜி.எஸ்.டி. பதிவுக்கு பான் எண்ணும், தொழில் நடக்கும் இடத்திற்கு ஆதாரமும் வேண்டும். அந்த ஆதாரமாக மின் கட்டண ரசீதைக் காட்டலாம். வேலைக்கு ஆள் எடுக்க அது தேவையே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டதால், அவை 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்துள்ளன. நீங்களாக ஒரு காரியத்துக்குக் கொடுத்த தகவலை அந்தக் காரியத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்பது இதன் அடிப்படை. வேலைக்குக் கொடுத்த போன் எண்ணைக் கடன் கம்பெனிக்குத் தருவது இதில் அடங்காது. தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பாதுகாக்கத் தவறும் நிறுவனத்திற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அபராதம் விதிக்கப்பட்டாலும், வெளியே போன தகவல் திரும்பி வராது. எனவே கொடுக்கும்போதே அளந்து கொடுப்பதுதான் நல்லது.

எப்போது எதைத் தரலாம்?

விண்ணப்பிக்கும்போது: பெயர், ஊர், போன் எண், இமெயில், படிப்பு, அனுபவம் போதும். அப்பா பெயர், ஜாதி, முழு முகவரி, ஆதார் எண் பயோடேட்டாவில் வேண்டாம். அரசுத் தேர்வாணைய விண்ணப்பங்கள் வேறு. அங்கு கேட்பதை முழுமையாகத் தர வேண்டும்.

இன்டர்வியூவில்: ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டி, சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபர் லெட்டர் வந்து சேரும்போது: வருமான வரிக்கு பான் எண், பி.எப்.புக்கு ஆதார், சம்பளத்துக்கு வங்கிக் கணக்கு எண் தேவைப்படும். சேர்ந்த பின் தர வேண்டியதை முன்பே கேட்டால் ஏன் என்று கேளுங்கள். ஓ.டி.பி.யை எந்தக் கட்டத்திலும் யாருக்கும் சொல்ல வேண்டாம்.

கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

1. வேலை தேடுவதற்கென்று தனி இமெயில் முகவரி ஒன்றை உருவாக்குங்கள். வங்கிக் கணக்குடன் இணைத்த முகவரியைத் தர வேண்டாம்.

2. மைஆதார் தளத்தில் லாக் இன் செய்து ஆதாரை டவுண்லோட் செய்திடும்போது, ‘மாஸ்க்டு ஆதார்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடைசி நான்கு எண்கள் மட்டுமே தெரியும். அடையாளம் காட்ட இது போதும்.

3. ஜெராக்ஸ் கொடுத்தால் அதன் மேலேயே தேதி, நிறுவனத்தின் பெயர், ‘இந்த வேலைக்கு மட்டும்’ என எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுத்து படத்தின் மீதும் ஓட வேண்டும்.

4. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தால், டவுண்லோட்ஸ் போல்டரிலிருந்து பைலை நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்திடுங்கள். கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிப் பிரிண்ட் எடுப்பது சுலபம்தான். ஆனால் பைல் அவருடைய கம்ப்யூட்டரில் தங்கிவிடும்.

5. ஜி.எஸ்.டி. தளத்தில் ‘சர்ச் டாக்ஸ்பேயர்’ மெனுவில் ‘சர்ச் பை பான்’ கிளிக் செய்து உங்கள் பான் எண்ணைக் கொடுங்கள். நீங்கள் தொடங்காத கம்பெனி இருந்தால் அங்கு தெரிந்துவிடும். உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் உள்ளன என்பதை சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

6. பயோடேட்டா அனுப்பும் மெயிலில், “இத்தகவல்களை இந்தப் பணிக்கான தேர்வுக்கு மட்டும் பயன்படுத்தவும். தேர்வாகாவிட்டால் அழித்துவிடவும்” என்று சேர்த்துவிடுங்கள். யாருக்கு, என்றைக்கு, என்ன அனுப்பினீர்கள் என்பதை எக்ஸெல் பைலில் குறித்து வையுங்கள். பின்னால் பிரச்னை வந்தால் எங்கிருந்து போனது என்று கண்டுபிடிக்க உதவும்.

மோசடி என்று தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். மத்திய அரசின் சைபர் கிரைம் இணைய தளத்திலும் வீட்டிலிருந்தே புகாரைப் பதிவு செய்யலாம்.